மோட்டரைத்தான் பாக்குது

எங்கள் கிணற்று மோட்டரைக் களவெடுத்தவன் நிதானமான ஆள். நான்கு நட்டுகளையும் கழற்றி, சீமெந்துக் கட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் குழாயைத் திறந்தபோது காற்றுத்தான் வந்தது. குசினிக்குள் சுவிச்சைப் போட்டேன், சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் தகரக் கூரையின் கீழே நட்டுகள் மட்டும் இருந்தன. மோட்டர் போனதைவிட அந்த நட்டுகள்தான் எனக்குக் கோபத்தை ஏற்றின. அவசரத்தில் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால் பயந்த கள்ளன் என்று மனம் ஆறியிருக்கும். இவன் பயப்படவேயில்லை.

கோப்பாயில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் பொதுவாக இருப்பது பங்குக் கிணறு. வேலி இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நின்றுவிடும். காணி உறுதியில் அவர்களுக்கு அரை, எங்களுக்கு அரை. அந்தப் பக்கம் இருப்பவள் தாய்வழியில் எனக்குத் தூரத்துத் தங்கச்சி முறை. புருஷன் இறந்து பல வருடம். மகன் கொழும்பில் வேலை. வீட்டில் தனியாக இருந்து சட்டை தைக்கிறாள். எங்கள் பக்கத்தில் மோட்டர். அவள் பக்கத்தில் கப்பியும் கயிறும் வாளியும். மோட்டர் போன அந்தக் கிழமை ஏழு நாளும் எங்களுக்குத் தண்ணீர் அள்ளித் தந்தவள் அவள்தான். நான் அள்ளுகிறேன் என்றால் விடமாட்டாள். இடுப்பு நோகிற வயதில் என்ன வீரம் என்று கேட்டாள்.

பொலிஸில் முறைப்பாடு எழுதினோம். எழுதியவர் என்னைப் பார்த்து, ஒரு கமரா பூட்டியிருக்கலாமே மாஸ்டர் என்றார். அதைக் கேட்டபோது பள்ளிக்கூடத்துக்கு வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளை மாதிரி எனக்கு இருந்தது. நெல்லியடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளைகளை நான் என்ன பாடுபடுத்தினேன் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே படிக்கத் தொடங்கினேன். ஓய்வூதியக்காரனுக்கு ஒரு விஷயம் கிடைத்தால் சும்மா விடுவானா? கொப்பி ஒன்று எடுத்து, கோடு போட்டு, கமரா வகை, வயர் உள்ளது, இல்லாதது, இரவில் எத்தனை மீற்றர் தெரியும், பதிகிற பெட்டிக்குக் கமரா வயர் செருக எத்தனை வாசல், ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்று நிரல் நிரலாக எழுதினேன். லண்டனில் இருக்கிற மகன் வயர் இல்லாததையே வாங்கச் சொன்னான். எங்கள் வீட்டுச் சுவர் எத்தனை அங்குலம் என்று அவனுக்கு மறந்துபோயிற்று. சாலையில், அதாவது முன் கூடத்தில், இருக்கிற இன்ரநெற் குசினிக்குள்ளேயே வராது, கிணற்றடிக்கு எங்கே போகப் போகிறது? வயர்தான் என்று முடிவெடுத்தேன். மனைவி கொப்பியைப் பார்த்துவிட்டு, கலியாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லையே என்றாள்.

யாழ்ப்பாணம் ரவுணில் மூன்று கடை ஏறி இறங்கி நான்காவது கடையில் நின்றேன். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுமையான மனிதர். நான்கு கமரா, நான்கு வாசல் பெட்டி என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கேற்றுக்கு ஒன்று, முன் விறாந்தைக்கு ஒன்று, பக்கத்து ஒழுங்கைச் சந்துக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று. லென்ஸில்தான் வந்தது தர்க்கம். கிணற்றடியில் மோட்டரை மட்டும்தானே பார்க்க வேண்டும், அதற்கு ஆறு மில்லிமீற்றர் போதும், ஒடுக்கமாகப் பார்த்தாலும் கள்ளனின் முகம் தெளிவாக விழும் என்றார் அவர். அகலமானதைப் போட்டால் எல்லாம் தெரியும், ஆனால் எல்லாம் சின்னதாகத் தெரியும் என்றும் சொன்னார்.

நான் கொப்பியைத் திறந்தேன். பாகைமானி வைத்துக் கீறிய படம் அதில் இருந்தது. ஆறு மில்லிமீற்றர் என்றால் ஏறக்குறைய ஐம்பது பாகை. இரண்டு தசம் எட்டு என்றால் நூறு பாகைக்கு மேல். குசினிக் கூரை மூலையில் இருந்து நூறு பாகை எடுத்தால் மோட்டரும் விழும், கிணறும் விழும், இரண்டு பக்கத்து வேலியும் விழும், கள்ளன் எந்தப் பக்கத்தால் வந்தான் என்பதும் விழும். ஒரு கமராவில் இரண்டு கமராவின் வேலை. கடைக்காரருக்கு நான் படத்தைக் காட்டிப் பாடமே நடத்தினேன். அவர் சிரித்து, நீங்கள் சொன்னால் சரி சேர் என்றார். எனக்கு முழுப் புள்ளி கிடைத்த மாதிரிச் சந்தோஷம்.

டிஸ்க்கிலும் அப்படித்தான். இரண்டு கிழமை தாங்குவது போதும் என்றார். எனக்கு நாற்பது நாளுக்கு மேல் வேண்டும் என்றேன். கடைசியாக, படத்தில் வேண்டாத இடத்தைக் கறுப்புப் பெட்டி போட்டு மறைக்கிற வசதியும் இருக்கிறது என்று திரையில் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். பார்ப்பதற்குத்தானே இதை வாங்குகிறோம், மறைப்பதற்கு யார் வாங்குவது என்று கேட்டேன்.

அந்தக் கோணத்துக்குள் யார் யார் வருவார்கள் என்ற கேள்வி மட்டும் என் கொப்பியில் இல்லை.

இதை இப்போது எழுதும்போது என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அன்று அது ஏன் என் மண்டைக்குள் வரவில்லை என்றும் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்பு வீட்டோடு சேர்த்துக் குளியலறை கட்டினோம். அதற்குப் பிறகு கிணற்றடிக்கு நாங்கள் போவது மோட்டரைப் பார்க்க மட்டும்தான். ஒரு காலத்தில் அந்தக் கிணற்றுக்கட்டில் நின்று நானும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றியவன்தான். ஐந்து வருடத்தில் கிணறு எனக்கு மோட்டர் இருக்கிற இடமாகிவிட்டது. தங்கச்சியின் வீட்டில் குளியலறை இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைக்கவில்லை.

கமரா பூட்ட வந்த அன்று, வேலை செய்கிறவர் ஏணியில் நிற்க, நான் கீழே நின்று, இன்னும் கொஞ்சம் இடம், இன்னும் கொஞ்சம் வலம் என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். புது மோட்டரும் வந்துவிட்டது. தங்கச்சி அந்தப் பக்கத்தில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“அண்ணை, உது என்னத்தைப் பாக்குது?”

நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“மோட்டரைத்தான் பாக்குது.”

நல்லது, இதை முதலே செய்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் தோய்க்கத் தொடங்கினாள்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அதைத்தான் நம்பினேன். கமரா எதற்காகப் பூட்டப்பட்டதோ அதைத்தான் பார்க்கும் என்பது போல ஒரு நினைப்பு. உள்ளே போய்த் திரையில் பார்த்தபோது கிணற்றின் இரண்டு பாதியும், அவள் தோய்க்கிற கல்லும், அவள் வீட்டுப் பின்கதவும் பளிச்சென்று தெரிந்தன. கணக்குப் பிசகவில்லை என்றுதான் மகிழ்ந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் காவல்காரனாகத்தான் வாழ்ந்தேன். சாலையில் ரீவியில் நான்கு கட்டமாகப் படம் ஓடும். கேற்றைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்ப்பேன். மீன்காரர் ஹோர்ன் அடிக்கும் முன்பே மனைவிக்குச் சட்டியை எடுக்கச் சொல்வேன். அவளுக்குச் சிரிப்பு. பிறகு நாடகம் பார்க்க விடுகிறீர்கள் இல்லை என்று சண்டை. காலையில் ஆறு மணிக்கு எழும்பித்தான் ரீவியைப் போடுவேன். அதற்கு முன்பு நடந்தவை எல்லாம் பெட்டிக்குள் கிடந்தன. கள்ளன் வந்தால் எடுத்துப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

ஒரு நாள் காலையில் மோட்டரை மூடியிருந்த தகரம் விலகிக் கிடந்தது. மோட்டர் இருந்தது. ஆனாலும் கள்ளன் திரும்பி வந்துவிட்டான் என்று பயந்தேன். முதல்முறையாகப் பெட்டிக்கு வேலை வந்துவிட்டது என்ற உற்சாகமும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, நான்காம் கமராவை எடுத்து, படத்தை வேகமாக ஓடவிட்டேன். ஒரு பூனை வந்தது. தகரத்தில் ஏறிக் குதித்தது, தகரம் சரிந்தது. அவ்வளவுதான் களவு. சிரித்துக்கொண்டே பொத்தானில் இருந்து கையை எடுக்காமல் இருந்தேன், படம் ஓடிக்கொண்டிருந்தது. நாலரை மணிபோல அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது.

தங்கச்சி விடியமுன்பே குளிப்பவள். கோயில் மணி அடிக்க முன்பு குளித்து முடித்துவிடுவாள். நெஞ்சுக்கு மேலே கட்டிய குறுக்குக்கட்டோடு, இருட்டில், ஒருவர் கண்ணிலும் படாத நேரத்தில். அந்த இருட்டுத்தான் அவளுக்கு மறைப்பு. நான் வாங்கியதோ இருட்டிலும் முப்பது மீற்றர் தெரிகிற கமரா.

நிறுத்துகிற பொத்தானை அமத்தினேன். படம் அணையவில்லை, அப்படியே நின்றுவிட்டது. எதை அமத்தினால் போகும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன். கடைசியில் எழுந்து ரீவியின் வயரைச் சுவரில் இருந்து பிடுங்கினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவன், என் சாலையில் கறுத்துப்போன ரீவிக்கு முன்னால் நிற்க வெட்கப்பட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டுக் குசினி வாங்கிலில் அமர்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இஞ்சரப்பா, உது உங்கடை பெட்டிக்கை மட்டுமோ இருக்கு?”

அப்போதுதான் எனக்கு மகனின் போன் நினைவுக்கு வந்தது. வீட்டை அவனும் பார்க்கட்டும் என்று நான்தான் சேர்த்துவிட்டிருந்தேன். கடைக்காரருக்கும் பாஸ்வேர்ட் தெரியும். பிழை வந்தால் கடையில் இருந்தபடியே திருத்தித் தருவதற்காக. மகனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். விஷயத்தைச் சொல்லாமல் கேட்பது எப்படி என்று தெரியாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவன் முதல் கிழமையில் இரண்டு தரம் பார்த்ததாகவும் பிறகு நேரமில்லை என்றும் சொன்னான்.

“நான் கேற்றைத்தான் பாத்தனான், அப்பா.”

என் பிள்ளை, அவனை நம்புகிறேன். ஆனால் போனை வைத்த பிறகும் அந்தத் ‘தான்’ காதுக்குள் நின்றது. நானும் அன்றைக்கு அதே ‘தான்’ போட்டுத்தானே சொன்னேன். கடைக்காரரைக் கேட்டபோது, யாருடைய வீட்டையும் தாங்கள் திறந்து பார்ப்பதில்லை என்றார். நல்ல மனிதர், அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை.

அழிக்கலாம் என்று பார்த்தால், அந்தப் பெட்டி ஒரு கமராவின் ஒரு விடியலை மட்டும் அழிக்க விடாது. அழித்தால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பித் தானாகப் பழையதைத் தின்னும் வரை காத்திருக்க வேண்டும். அது நான் சண்டை பிடித்து வாங்கிய நாற்பது நாள் டிஸ்க். எல்லாவற்றையும் அழித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். மகனின் போனை விலக்கினேன். பிறகு, கடையில் கேலி செய்த அந்தக் கறுப்புப் பெட்டியைத் தேடிப்பிடித்து, படத்தில் அவள் பக்கம் முழுவதையும் மறைத்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள், தங்கச்சி பார்ப்பது இந்தத் திரையை அல்ல, கூரையில் இருக்கிறதைத்தான். அங்கே கறுப்பு இல்லையே என்று. ஆனால் சொல்ல வேண்டாம் என்பதும் அவள் முடிவுதான். நாங்கள் அழித்துவிட்டோம், யாரும் பார்க்கவில்லை, சொன்னால் அந்த மனிசி கூசிக் கூசிச் சாகும், எங்கள் மனம் ஆறுவதற்காக அவளுக்கு ஏன் நோவைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. வசதியாக இருந்ததால்தான் அந்த நியாயத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு கிழமை தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் முன்பக்கத்தால் போவேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூர் வரை சும்மா போய்ச் சும்மா வந்தேன். பிறகு ஒரு பின்னேரம் தப்ப முடியவில்லை. மோட்டர் தகரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன், அவள் தண்ணீர் அள்ள வந்தாள். காணக் கிடைக்கவில்லையே என்று கேட்டாள். பிறகு கூரை மூலையைக் கையால் காட்டிச் சொன்னாள்.

“உது வந்த பிறகு எனக்குப் பயமில்லை, அண்ணை. முந்தி விடியப்புறம் தனியக் கிணத்தடிக்கு வர ஒரு பயம் இருந்தது. இப்ப உதின்ரை சிவப்பு வெளிச்சத்தைக் கண்டால், நீங்கள் முழிச்சிருக்கிறியள் மாதிரி இருக்கு.”

இதற்குப் பிறகு எப்படிச் சொல்லாமல் விடுவது? அவளுடைய நிம்மதியும் என்னுடைய ஒரு சொல்லில்தான் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சொல் பிழை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மோட்டர் மட்டும் அல்ல, அந்தப் பக்கமும் விழுந்தது என்றேன். இருட்டிலும் விழுந்தது என்றேன். ஒரு தரம் தெரியாமல் நான் கண்டதையும், உடனே ரீவியின் வயரைப் பிடுங்கியதையும் சொன்னேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்றேன். அகல லென்ஸை நான்தான் கேட்டு வாங்கினேன், கடைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னவர் என்றும் சொன்னேன். அது அவளுக்கு எதற்கு? ஆனாலும் சொன்னேன்.

அவள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். வாளி கிணற்றுக்குள் பாதியில் தொங்கியது.

“எத்தினை நாள்?”

“இருபத்திமூண்டு.”

அவளுடைய உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

“நான் கேட்டனான்தானே அண்ணை, என்னத்தைப் பாக்குது எண்டு. நீங்கள் மோட்டரைத்தான் எண்டு சொன்னியள்.”

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. விடை பிழைத்த கணக்கை வரிவரியாகத் திரும்பிப் பார்க்கிறவர்களின் குரல் அது. வாளியை மேலே இழுத்தாள், அது வெறுமையாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே ஏணி வைத்துக் கமராவைக் கழற்றினேன். அவள் காணட்டும் என்று சத்தம் போட்டுத்தான் கழற்றினேன். அவள் வெளியே வரவில்லை. மறுநாள் விடியப்புறம் நான் விழித்துத்தான் கிடந்தேன். கப்பிச் சத்தம் வழக்கமான நேரத்தில் கேட்டது. இரண்டு வாளி, நான்கு வாளி, ஆறு வாளி. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்குள் காவிக்கொண்டு போய்க் குளிக்கிறாள் என்று விளங்கியது. அந்த வயதில் அத்தனை வாளியையும் காவுகிறாள், நான் படுக்கையில் கிடந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து அவளுடைய மகன் கொழும்பில் இருந்து வந்தான். மூன்று தகரமும் இரண்டு இரும்புக் குழாயும் வாங்கி வந்து, கிணற்றின் நடுவில், கட்டின் மேலிருந்து ஆளுயரத்துக்கு மறைப்புக் கட்டத் தொடங்கினான். நான் விறாந்தையில் இருந்தேன், எழுந்து போகவில்லை. அவன்தான் கூப்பிட்டான்.

“மாமா, இந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடிக்கிறியளோ? உங்கடை மாமரத்து இலையெல்லாம் கிணத்துக்கை விழுதாம், அம்மா ஒரே கரைச்சல்.”

அவள் அவனிடம் சொல்லவில்லை. தன் மானத்துக்காகச் சொல்லவில்லையா, என் மானத்துக்காகவா என்று எனக்குத் தெரியாது. நான் போய்த் தகரத்தின் என் பக்க நுனியைப் பிடித்தேன். அவன் கம்பியை முறுக்கி முறுக்கிக் கட்டினான். வேலையெல்லாம் சுகமோ என்று கேட்டேன், சுகம் என்றான். இலையை மறிக்கச் செங்குத்தாக மறைப்புக் கட்டுவதில் கணக்கு இல்லை என்று அவனுக்கும் தோன்றியிருக்கலாம். கேட்கவில்லை. கட்டி முடிந்ததும் தங்கச்சி இரண்டு தேத்தண்ணி கொண்டு வந்தாள். எனக்குரியதை மகனிடம் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

மற்ற மூன்று கமராவும் இருக்கின்றன. கேற்றும், விறாந்தையும், ஒழுங்கையும். ரீவியில் நான்காம் கட்டம் வெறும் நீலமாக இருக்கும். மனைவி இப்போது நாடகம் பார்க்கிறாள், நான் தடுப்பதில்லை. மோட்டரை யாரும் தொடவில்லை. தங்கச்சி என்னோடு கதைக்காமல் இல்லை. ஒழுங்கையில் கண்டால் மச்சாள் சுகமோ என்று என் மனைவியை விசாரித்துவிட்டுப் போவாள். என்னை அண்ணை என்று கூப்பிட்டுப் பல மாதம்.

போன கிழமை காலையில் இருந்து கரண்ட் இல்லை. தண்ணீர்த் தாங்கி வற்றிவிட்டது. பழைய வாளியைத் தேடி எடுத்து, கயிறு கட்டி, பத்து மணி வெயிலில் கிணற்றடிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் கப்பி இல்லை. கிணற்றுக்கட்டில் குனிந்து கையால் விட்டேன், வாளி பொத்தென்று விழுந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கத்தில் தோய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது.

“ஆர் உங்காலை?”

“நான். தண்ணி அள்ளத்...”

தண்ணி அள்ளத்தான் வந்தனான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தத் ‘தான்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு நின்றேன். நான் வாளியை இழுத்து, ஊற்றி, இரண்டாவது வாளியும் அள்ளி, இரண்டையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் தோய்க்கத் தொடங்கினாள்.